மலைச்சரிவுக்கு ஏற்ற ஸ்கூட்டர் எது? ஏல விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டாரத்தில் சிறு விவசாயிகள் பலருக்கு வீடு ஓரிடத்திலும் தோட்டம் வேறிடத்திலும் இருக்கின்றன. வீடு போடி நகரிலோ அடிவாரக் கிராமத்திலோ இருக்கும். இலவம், மா, எலுமிச்சைத் தோட்டங்கள் மலையின் கீழ்ச்சரிவிலும், காப்பி, மிளகு, ஏலம் ஆகியவை மேற்சரிவிலும் இருக்கும். காலையில் தார்ச்சாலையில் புறப்பட்டு, மலைப்பாதையில் ஏறி, கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் மண் பாதையில் சென்று, மாலையில் அதே வழியாகத் திரும்புவது இவர்களுடைய அன்றாட வழக்கம். இந்த மூன்று வகைப் பாதைக்கும் பொருந்தும் ஒரே வண்டி எது என்பது இவர்கள் பலகாலமாகக் கேட்டுவரும் கேள்வியாகும்.

அண்மைக் காலத்தில் 'அட்வென்ச்சர் ஸ்கூட்டர்' என்ற பெயரில் ஒரு வகை வண்டி விற்பனைக்கு வந்துள்ளது. நகரத்தில் எளிதாக ஓட்டலாம், கரடுமுரடான பாதையிலும் செல்லலாம் என்பது இதற்கான விளம்பரம். விலை ஒன்றரை லட்சம் ரூபாயை ஒட்டி வருகிறது. ஒரு சிறு விவசாயி இவ்வளவு பணத்தைப் போடுவதற்கு முன், இவ்வண்டி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்வது அவசியம். தவறான வண்டியை வாங்கினால் பணம் நஷ்டம். அவ்வண்டியை மலை இறக்கத்தில் தவறாக ஓட்டினால் உயிருக்கே ஆபத்து.

மலையும் சுமையும்

போடி மலையில் சுமையை ஏற்றி இறக்குவது என்றுமே எளிதாக இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷன் என்னும் உச்சியிலிருந்து கம்பிவடப் பாதை மூலம் கீழே கொட்டகுடிப் பகுதிக்கு இறக்கப்பட்டு, அங்கிருந்து போடிக்குக் கொண்டுவரப்பட்டது. மூணாற்றுப் பக்கத்திலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலையைக் கொண்டுவந்த சிறு ரயில் பாதை 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அழிந்தது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் 1928-இல் வந்தது. வண்டி செல்லாத மலைக் கிராமங்களுக்குத் தலைச்சுமையும் குதிரையுமே துணையாக இருந்தன. பின்னர் ஜீப் வந்தது. ஏலத் தோட்ட வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறிச் செல்வது இன்றும் தொடர்கிறது.

இருசக்கர வாகனத்தைச் சிறு விவசாயியின் கைக்கு எட்டும்படி செய்தது மொபெட் ஆகும். 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50, இருவர் செல்லத்தக்க மொபெட்டாக நம் நாட்டில் முதலில் வந்தது. அதன் வழியில் வந்த எக்ஸ்.எல். வண்டி, பால் கேன் முதல் புல்லுக்கட்டு வரை அனைத்தையும் சுமந்து தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக வரும் எந்த வண்டியையும் இதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே விவசாயிக்குச் சரியான அளவுகோலாகும்.

அட்வென்ச்சர் ஸ்கூட்டர் என்பது என்ன?

ஜப்பானைச் சேர்ந்த ஹோண்டா நிறுவனம் 2017-ஆம் ஆண்டளவில் 745 சி.சி. எஞ்சின் கொண்ட எக்ஸ்-ஏ.டி.வி. என்னும் பெரிய வண்டியை ஐரோப்பாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே தோற்றத்தில் ஏ.டி.வி. 150 என்னும் சிறிய ஸ்கூட்டர் 2019-இல் இந்தோனேசியாவில் வெளிவந்தது. நம் நாட்டில் ஹீரோ நிறுவனம் ஜூம் 160 என்னும் ஸ்கூட்டரை 2025 ஜனவரியில் அறிமுகம் செய்தது. 156 சி.சி. எஞ்சின், நீரால் குளிரூட்டும் அமைப்பு, 14 அங்குலச் சக்கரங்கள், ஆழமான கட்டம் வெட்டிய டயர் ஆகியவை இதன் அம்சங்கள். எடை 140 கிலோ அளவில் உள்ளது.

பெயர் எதுவாயினும் இவை அனைத்தும் அடிப்படையில் ஸ்கூட்டர்களே. இந்தச் சிறிய வண்டிகளில் கியர் மாற்ற வேண்டியதில்லை. எஞ்சினின் சக்தி ஒரு ரப்பர் பெல்ட் வழியாகப் பின் சக்கரத்துக்குச் செல்கிறது. வேகத்துக்கு ஏற்ப பெல்ட் ஓடும் கப்பிகளின் அகலம் தானாகவே மாறி, கியர் மாற்றும் வேலையைச் செய்கிறது. எஞ்சின் சுழற்சி ஓரளவு உயர்ந்ததும் கிளட்ச் தானாகப் பிடிக்கும்; சுழற்சி குறைந்ததும் தானாக விட்டுவிடும். இந்த ஒரு விவரத்தை மனதில் கொண்டால் மலையில் இவ்வண்டியின் நிறைகுறைகள் பெரும்பாலும் விளங்கிவிடும்.

பாதையை முதலில் பிரித்துப் பாருங்கள்

வண்டியைப் பார்க்கும் முன் தோட்டத்துக்குச் செல்லும் பாதையைப் பார்க்க வேண்டும். இவ்வட்டாரப் பாதைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தார் போட்ட மலைச்சாலை. போடியிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டு செல்லும் தேசிய நெடுஞ்சாலை இதற்கு உதாரணம். 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட இச்சாலை, சுமார் 350 மீட்டர் உயரத்தில் உள்ள போடியிலிருந்து 1,400 மீட்டர் அளவிலான உயரத்துக்கு ஏறுகிறது. குரங்கணி வரை செல்லும் சாலையும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இரண்டாவது, இறுகிய மண்ணும் சரளையும் கலந்த பாதை. கீழ்ச்சரிவிலுள்ள மா, இலவம் தோட்டங்களுக்குச் செல்லும் பாதைகளும், எஸ்டேட்டுகளின் முக்கிய வண்டிப் பாதைகளும் இவ்வகையைச் சேர்ந்தவை.

மூன்றாவது, நிழல் மூடிய ஏலக் காட்டுக்குள் செல்லும் ஜீப் தடம். ஜீப் சக்கரங்கள் இரு பக்கமும் பள்ளம் பறித்திருக்கும். நடுவில் கல்லும் வேரும் துருத்தி நிற்கும். வெயில் படாததால் மழை நின்ற பிறகும் நாள்கணக்கில் ஈரம் காயாது. ஏலக்காய்ப் பறிப்பின் முக்கிய மாதங்கள் பெரும்பாலும் மழைக் காலத்தோடு சேர்ந்தே வருகின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

அட்வென்ச்சர் ஸ்கூட்டர் முதல் வகைப் பாதைக்கு நன்றாகவும் இரண்டாம் வகைக்குப் போதுமான அளவிலும் பொருந்தும். மூன்றாம் வகைப் பாதைக்கு அது ஏற்றதல்ல. இதற்கான காரணங்கள் பின்வருமாறு.

சக்கரத்தின் அளவு

சிறிய சக்கரம் சிறிய குழியிலும் விழும்; பெரிய சக்கரம் அதன்மேல் உருண்டு போகும். மாட்டு வண்டிக்குப் பெரிய சக்கரம் வைத்த முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். சாதாரண ஸ்கூட்டரின் 10 அங்குலச் சக்கரம் டயருடன் சேர்த்து சுமார் 43 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அட்வென்ச்சர் ஸ்கூட்டரின் 14 அங்குலச் சக்கரம் சுமார் 52 சென்டிமீட்டர் உயரமும், 100 சி.சி. மோட்டார் சைக்கிளின் 18 அங்குலச் சக்கரம் சுமார் 62 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். சரளைப் பாதையில் சாதாரண ஸ்கூட்டரைவிட அட்வென்ச்சர் ஸ்கூட்டர் நிதானமாகச் செல்வதற்கு இதுவே முதற்காரணம்.

ஆனால் 16 அங்குலச் சக்கரமுள்ள எக்ஸ்.எல். 100 வண்டியின் சக்கரமும் டயருடன் சேர்த்து ஏறத்தாழ இதே உயரம்தான் என்பது குறிப்பிடத்தக்கது. அகலமான டயரும் நல்ல ஷாக் அப்சார்பரும் அட்வென்ச்சர் ஸ்கூட்டருக்குக் கூடுதல் நன்மை. ஆயினும் கல்லை ஏறிக் கடக்கும் திறனில் அது மொபெட்டை வெகுவாக மிஞ்சிவிடவில்லை.

அடிவயிற்று உயரத்திலும் இதே நிலைதான். வண்டியின் மிகத் தாழ்ந்த பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி இவ்வகை ஸ்கூட்டர்களில் 15 முதல் 16 சென்டிமீட்டர் வரை உள்ளது. சாதாரண 100 சி.சி. மோட்டார் சைக்கிளிலும் ஏறத்தாழ இவ்வளவுதான். உயரமான முன் கண்ணாடியும் முரட்டுத் தோற்றமும் பார்ப்பவருக்கு வேறு எண்ணத்தைத் தரலாம். மேலும், இது ஆளில்லாத வண்டியின் அளவு. இருவர் ஏறி, ஒரு மூட்டையும் வைத்தால் ஸ்பிரிங் அமுங்கி இந்த இடைவெளி இன்னும் குறையும். ஜீப் தடத்தின் நடுவே நிற்கும் கல் வண்டியின் அடியில் தட்டுவதற்கு இதுவே காரணம்.

ஏற்றத்தில் நடப்பது

போடிமெட்டு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் சக்தியும் அந்த அளவுக்குக் குறையும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் பெட்ரோல் அளவை மின்னணுக் கருவியே கவனித்துக்கொள்வதால், உயரத்துக்கு ஏற்பக் கார்புரேட்டரைத் திருப்பி வைக்கும் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் குறைந்த சக்தி குறைந்ததுதான். 156 சி.சி. எஞ்சினுக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. தார்ச்சாலை ஏற்றத்தில் இருவருடன் தாராளமாக ஏறிவிடும். இது இவ்வகை வண்டியின் உண்மையான பலம்.

செங்குத்தான மண் ஏற்றத்தில் மிக மெதுவாக, நின்று நின்று ஏறும்போதுதான் சிக்கல் வருகிறது. வேகம் குறைந்த நிலையில் கிளட்ச் முழுதும் பிடிக்காமல் தேய்ந்துகொண்டே இருக்கும். பெல்ட்டும் சூடாகும். ரப்பர் கருகிய வாடை வந்தால் வண்டியை உடனே நிறுத்திக் குளிரவிட வேண்டும். கியர் வண்டியில் முதல் கியரைப் போட்டு, எஞ்சினின் இழுவையைச் சக்கரத்துக்கு நேராகக் கொடுத்து மெல்ல ஏறிவிடலாம். கரடுமுரடான ஏற்றத்துக்குக் கியர் வண்டியே நல்லது என்று மலைவாசிகள் சொல்வதன் பொருள் இதுவே.

இறக்கமே முக்கியம்

எந்த வண்டியும் எப்படியாவது ஏறிவிடும். பாதுகாப்பாக இறங்குகிறதா என்பதே மலை வண்டிக்குச் சோதனை.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். வண்டி, இரண்டு ஆள்கள், ஒரு மூட்டை எல்லாம் சேர்ந்து 280 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த எடை 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், சுமார் ஒன்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். காற்றின் எதிர்ப்பும் சாலையின் உராய்வும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எஞ்சின் இழுத்துப் பிடித்தால் அதுவும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் இரண்டு சிறு பிரேக்குகளின் தலையில் விழுகிறது.

பிரேக் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் பிடி குறைகிறது. டிரம் பிரேக்கில் கட்டை சூடேறி வழுக்கத் தொடங்கும். டிஸ்க் பிரேக்கில் பழைய எண்ணெயில் ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகும். அப்போது பிரேக் பிடியை அழுத்தினாலும் அது மெத்தென்று உள்ளே போகுமே தவிர வண்டி நிற்காது. மேலே நன்றாகப் பிடித்த பிரேக், கீழ் வளைவுகளுக்கு வரும்போது கைவிடுவது இதனால்தான்.

கியர் மோட்டார் சைக்கிளில் இரண்டாம் கியரைப் போட்டு இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். 'ஏறிய கியரிலேயே இறங்கு' என்பது லாரி ஓட்டுநர்களின் பழைய பாடம். ஸ்கூட்டரில் இவ்வாறு கியரைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. ஆக்சிலேட்டரை முழுதும் மூடி மெதுவாக உருண்டால், எஞ்சின் சுழற்சி குறைந்து கிளட்ச் விட்டுவிடும். அப்போது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. வண்டி நியூட்ரலில் உருள்வதற்குச் சமம். தானாகப் பிடித்து விடும் கிளட்ச் உள்ள மொபெட்டுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

எனவே ஸ்கூட்டரில் மலை இறங்குவோர் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. எஞ்சினை ஒருபோதும் அணைத்துவிட்டு இறங்கக் கூடாது. பெட்ரோல் மிச்சமாகும் என்று சிலர் இவ்வாறு செய்கின்றனர். மிச்சமாகும் சில ரூபாய்க்காக எஞ்சினின் பிடியையும் வேண்டும்போது வண்டியை நகர்த்தும் வசதியையும் இழக்கின்றனர்.

2. இறக்கம் தொடங்கியதும் ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்துக் கிளட்ச் பிடித்துக்கொண்ட பின் மூட வேண்டும். வேகம் மிகவும் குறையாத வரை எஞ்சின் ஓரளவு இழுத்துப் பிடிக்கும். வண்டி தடையின்றி உருள்வதாகத் தெரிந்தால் கிளட்ச் விட்டுவிட்டது என்று பொருள்.

3. பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வரக் கூடாது. வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பின் விட்டுவிட வேண்டும். இடையில் பிரேக் குளிர நேரம் கிடைக்கும்.

4. பிரேக் வாடை வந்தாலும் பிடி மெத்தென்று போனாலும் உடனே ஓரமாக நிறுத்தி, கால்மணி நேரமாவது குளிரவிட வேண்டும். சூடான டிஸ்க்கின் மீதோ டிரம்மின் மீதோ தண்ணீர் ஊற்றக் கூடாது.

5. ஈரமான வளைவில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு கட்டாயமாக உள்ளது. அட்வென்ச்சர் ஸ்கூட்டர்களில் இது உண்டு. ஆனால் பல ஸ்கூட்டர்களில் இது முன் சக்கரத்துக்கு மட்டுமே வேலை செய்கிறது. வழுக்கலைக் குறைக்க இது உதவும். பிரேக் சூடாவதை இது தடுக்காது.

மின்சார ஸ்கூட்டர்களில் ஒரு வசதி உண்டு. இறக்கத்தில் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தி, அந்த ஆற்றலின் ஒரு பகுதியை பாட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஆனால் மலை உச்சியிலேயே பாட்டரியை முழுதும் ஏற்றிவிட்டு இறங்கினால், ஆற்றலை வாங்கிக்கொள்ள பாட்டரியில் இடமிராது. இந்தப் பிடியும் குறைந்துவிடும்.

மூட்டைக்கு இடம் உண்டா?

விவசாயி வண்டிக் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். சாதாரண ஸ்கூட்டரிலும் எக்ஸ்.எல். வண்டியிலும் காலடியில் தட்டையான இடம் இருக்கிறது. ஒரு சிறு மூட்டையையோ உரப் பையையோ அங்கே தாழ்வாக வைக்கலாம். சுமை தாழ்வாக இருந்தால் வண்டி ஆடாது. அட்வென்ச்சர் ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் காலடியின் நடுவே ஒரு மேடு ஓடுகிறது. வண்டிக்கு உறுதி சேர்க்க அமைத்த அம்மேட்டினால் மூட்டை வைக்க இடமில்லாமல் போகிறது. இருக்கைக்கு அடியில் சாப்பாட்டுத் தூக்கும் மழைக்கோட்டும் வைக்கலாம். சாக்கு வைக்க முடியாது.

மூட்டையைப் பின் இருக்கையில் கட்டினால் எடை முழுவதும் பின் சக்கரத்தின் மேல் விழுகிறது. ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகி, ஹேண்டில் சொன்னபடி கேட்காது. 45 கிலோ யூரியா மூட்டையை இவ்வாறு உயரமாகக் கட்டி மண் பாதையில் ஏறுவது மிகவும் ஆபத்தானது. எக்ஸ்.எல். வண்டி 90 கிலோவுக்கு உட்பட்ட எடை கொண்டது. சுமை ஏற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. சேற்றில் சிக்கினால் ஒருவரே தள்ளி எடுத்துவிடலாம். 140 கிலோ ஸ்கூட்டர் சரிவில் சாய்ந்துவிட்டால் தனியாகத் தூக்கி நிறுத்துவது கடினம். வண்டி ஓட்டித் தோட்டத்துக்குச் செல்லும் பெண்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். இருக்கையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் தரையில் ஊன்ற முடியாத வண்டி மலைக்கு ஏற்றதல்ல.

சுமையைக் குறைக்க மற்றொரு வழியும் உண்டு. பச்சை ஏலக்காய் நான்கு முதல் ஐந்து கிலோ உலர்த்தினால்தான் ஒரு கிலோ காய்ந்த காய் கிடைக்கிறது. பச்சைக் காயை வண்டியில் வைத்துக் கீழே இறக்குவதென்றால், ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரையே இறக்குவதாகும். பக்கத்திலுள்ள ஸ்டோரில் உலர்த்திய பின் இறக்கினால் வண்டிக்கும் பிரேக்குக்கும் பளு குறையும். கனமான உரத்தையும் விற்பனைக்கான மூட்டைகளையும் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஜீப்பில் ஏற்றுவதே சிக்கனம். பூச்சிமருந்தைச் சாப்பாட்டுடன் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சேறும் ஓடையும்

கட்டம் வெட்டிய டயர் சரளையிலும் காய்ந்த மண்ணிலும் நன்றாகப் பிடிக்கும். இவ்வகை ஸ்கூட்டரின் டயர் தார்ச்சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. பிசுபிசுப்பான மண்ணில் கட்டங்களுக்கு இடையே சேறு அடைத்துக்கொண்டால் அது வழவழப்பான டயரைப் போலவே வழுக்கும். ஈர இலைச் சருகு மூடிய பாதையும் அப்படியே.

ஓடையைக் கடக்கும்போது ஸ்கூட்டருக்கு மற்றொரு பலவீனம் வெளிப்படும். பெல்ட் ஓடும் பெட்டி பின் சக்கரத்தின் பக்கத்தில் தாழ்வாக உள்ளது. அது குளிர்வதற்குக் காற்று நுழையும் வழியும் உண்டு. அதன் வழியே நீர் புகுந்தால் பெல்ட் வழுக்கி வண்டி நகராது. சக்கரத்தின் பாதி உயரத்துக்கு நீர் ஓடும் ஓடையில் ஸ்கூட்டரை இறக்கக் கூடாது. இழுப்பு உள்ள நீரில் எந்த இருசக்கர வண்டியையும் இறக்கக் கூடாது.

கோடையில் வேறொரு கவனம் தேவை. ஓடி வந்த வண்டியின் சைலன்சர் கொதிக்கும் சூட்டில் இருக்கும். காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. 2018 மார்ச் மாதம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத் தீ இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனதை இவ்வட்டாரம் மறக்கவில்லை. காய்ந்த மலைப்புல்லில் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு அது சாட்சி. மேலும், காப்புக் காட்டுப் பாதைகளில் வனத்துறை அனுமதியின்றி வண்டி ஓட்டக் கூடாது.

விலையும் வருமானமும்

ஜூம் 160 ஸ்கூட்டரின் அறிமுக விலை, பதிவுச் செலவும் காப்பீடும் நீங்கலாக, சுமார் ரூ.1.48 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டதால் இவ்வகை வண்டிகளின் விலை இறங்கியது. அப்படியும் ஓர் எக்ஸ்.எல். வண்டியைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாகவே அட்வென்ச்சர் ஸ்கூட்டருக்குக் கொடுக்க வேண்டும். பெல்ட், உருளைகள், அகலமான டயர் ஆகியவற்றின் மாற்றுச் செலவும் கூடுதல்.

ஏலக்காய் விலை ஏறும் ஆண்டில் வண்டிக் கடையில் கூட்டம் சேர்வது இயல்பு. 2019 ஆகஸ்டில் ஏல விற்பனையில் ஒரு கிலோ ஏலக்காய் ரூ.7,000 வரை போயிற்று. மூன்று ஆண்டுகளுக்குள், 2022-இல், சராசரி விலை ரூ.1,000-க்கும் கீழே இறங்கியது. விலை ஏறிய ஆண்டில் மூன்று ஆண்டுத் தவணையில் வண்டி வாங்கியவர், விலை இறங்கிய ஆண்டிலும் அதே தவணையைக் கட்டியாக வேண்டும். ஆகவே தவணைத் தொகையை நல்ல ஆண்டின் வருமானத்தை வைத்துக் கணக்கிடாமல், மோசமான ஆண்டின் வருமானத்தை வைத்துக் கணக்கிடுவது விவேகமாகும்.

வாங்குமுன் சோதனை

வண்டிக் கடைக்கு வெளியே சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது போதாது. முடிந்தால் பின்னால் ஓர் ஆளை ஏற்றி, அருகிலுள்ள ஏற்றத்தில் பாதி வழியில் நிறுத்தி, மீண்டும் கிளப்பிப் பார்க்க வேண்டும். பின்னுக்கு உருளாமல் கிளம்புகிறதா என்று கவனிக்க வேண்டும். எஞ்சின் ஓடாத நிலையில் வண்டியைச் சரிவில் பின்னோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். கையுடன் ஒரு காலிச் சாக்கைக் கொண்டுசென்று, அது நிரம்பினால் எங்கே வைப்பது என்று பார்ப்பது நல்லது. பழுது பார்க்கும் வசதியும் உதிரி பாகங்களும் போடியிலேயே கிடைக்குமா, தேனிக்கோ மதுரைக்கோ போக வேண்டுமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பறிப்புக் காலத்தில் வண்டி பத்து நாள் பட்டறையில் நின்றால் அந்த நஷ்டமும் வண்டியின் விலையோடு சேர்ந்ததே.

பராமரிப்பு

மலையில் ஓடும் வண்டிக்குச் சமவெளி வண்டியைவிடக் கூடுதல் கவனிப்பு தேவை. பிரேக் கட்டைகளையும் டிஸ்க் பேடுகளையும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். டிஸ்க் பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும். பெல்ட்டை நிறுவனம் குறிப்பிட்ட தூரத்துக்கு முன்பே கழற்றிப் பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றிவிட வேண்டும். காற்று வடிகட்டியில் செம்மண் தூசி அடைத்தால் எஞ்சின் இழுவை குறையும். டயர் காற்றை வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாகும் முன் சரிபார்க்க வேண்டும்.

யாருக்கு எந்த வண்டி?

நகரில் குடியிருந்து, பெரும்பாலும் தார்ச்சாலையில் சென்று, கடைசியில் சிறிது தூரம் இறுகிய மண் பாதையில் போய், தோட்டத்தைப் பார்வையிட்டுச் சுமையின்றித் திரும்புவோருக்கு அட்வென்ச்சர் ஸ்கூட்டர் ஏற்றது. சாதாரண ஸ்கூட்டரைவிட நிதானமும் இழுவையும் அதில் கிடைக்கும்.

அடிவாரத் தோட்டத்துக்கு மூட்டையும் புல்லுக்கட்டும் கொண்டுசெல்வோருக்கு எக்ஸ்.எல். போன்ற இலகுவான மொபெட்டே போதும். மீதமாகும் பணத்தைத் தோட்டத்தில் போடலாம்.

மழைக் காலத்திலும் ஏலக் காட்டுக்குள் ஜீப் தடத்தில் ஏறி இறங்கியே ஆகவேண்டியவர்களுக்கு 18 அங்குலச் சக்கரமும் கியரும் கொண்ட இலகுவான மோட்டார் சைக்கிளே பொருத்தமானது. தடம் மிகவும் கெட்டிருக்கும் நாட்களில் வண்டியைப் பாதை முகப்பில் நிறுத்திவிட்டு நடந்து செல்வதே சிறந்தது.

எந்த வண்டியாயினும் இருவருக்கு மேல் ஏறக் கூடாது. ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். போடிமெட்டிலிருந்து இறங்கத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் நின்று, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்து, மூட்டைக் கயிற்றை இறுக்கிவிட்டுப் புறப்படும் வழக்கத்தை ஒவ்வொருவரும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.